ஒரு நிமிஷம் கேட்டதுக்கு மூட் போயிடுமாம்

டிசம்பர் 26-ஆம் தேதி நம்ம ஸ்கூல் செட் சந்திப்புல நடந்த கூத்து இங்க பாதிப் பேருக்குத் தெரியும். செத்துப்போனவங்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிக்கலாம்னு கேட்டதுக்கு விழாக் கமிட்டியிலிருந்து பதிலா வந்த வாய்ஸ் நோட் எனக்கு முன்னாடியே உங்களுக்கு வந்திருக்கும். அதனால முன்கதைச் சுருக்கம் போடலை. "இது எழவு வீடு இல்ல மச்சான், எல்லாரும் ஃபேமிலியோட வர்றாங்க, மூட் போயிடும்." இவ்வளவுதான் அதுல இருந்தது. கடைசியில ஒரு சிரிப்பு வேற.

நாங்க கேட்டது ஒரு நிமிஷம். 2000-ல ப்ளஸ் டூ முடிச்ச செட்டோட வெள்ளி விழா சந்திப்பு. காலையில ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் நிகழ்ச்சி. டிஜே உண்டு, தம்பதிகளுக்குப் பலூன் விளையாட்டு உண்டு, குலுக்கல் பரிசு உண்டு. ஸ்பான்சர் ஒருத்தர் தன் மனைக்கு டிடிசிபின்னு அரசு அப்ரூவல் இருக்குன்னு மைக் பிடிச்சு விளக்குறதுக்கு நேரம் உண்டு. நம்மகூடப் படிச்சுச் செத்துப்போனவங்க பேரை வரிசையா வாசிச்சு ஒரு நிமிஷம் எழுந்து நிக்க மட்டும் நேரம் இல்ல. நேரம் இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். மூட் போயிடும்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தாங்கலை.

அதுவும் சுனாமி வந்த டிசம்பர் 26-ல. நாகப்பட்டினத்துல.

"அரைப் பரீட்சை லீவு, வெளிநாட்டுல இருக்கிறவங்க அப்பத்தான் வர முடியும்"னு சொல்வீங்க. சரி, ஒத்துக்கிறேன். தேதியை மாத்தச் சொல்லவே இல்லையே. வைங்க, ஆடுங்க, நானும்தான் சந்தா கட்டினேன். தேதி உங்க வசதிக்கு, அந்தத் தேதிக்குள்ள இருக்கிற ஒரு நிமிஷம் எங்களுக்கு. இதுல என்ன பேரம்?

"வீட்டுல விளக்கேத்திக் கும்பிட்டுக்கோ, பொது இடத்துல எதுக்கு?" இது அடுத்த அறிவுரை. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, மீன் வியாபாரம். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி முழுக்க வெளியூர்க் கூட்டம், யாவாரம் நல்லா ஓடும்னு விடியறதுக்கு முன்னாடியே அன்னக்கூடையைத் தூக்கிக்கிட்டு அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போனாங்க. அப்புறம் நாங்க அவங்களைப் பாக்கவே இல்ல. மொத்தமாக் குழி வெட்டி அடக்கம் பண்ணின நாட்கள் அது. எந்தக் குழி, எந்த வரிசை, யாருக்குத் தெரியும்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்க தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துவாங்க. எங்கப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பார். அவர் போறதுக்கு அக்காவுக்கு ஒரு இடம் கிடையாது. எங்களுக்குன்னு இருக்கிறது அந்தத் தேதி மட்டும்தான். அன்னிக்குக் காலையில கடல்ல பாலை ஊத்திப் பூவைப் போட்டுட்டு வர்றோம். படகு கடலுக்குப் போறதில்ல. அதே ஊர்ல அதே நாள் சாயங்காலம் ஒரு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சு போச்சு?

தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 8,000 பேர் போனாங்க. அதுல 6,000 பேருக்கு மேல இந்த ஒரு மாவட்டம். அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்கள்ல யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு போட்டோ மாலையோட இருக்கும். உங்க மூடும் அதுக்குக் கீழதான் உக்காந்திருந்துச்சு.

"குழந்தைங்க பயந்துடும்." இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா இதைச் சொன்னவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க. இந்தோனேஷியாவுல சுமத்ரா பக்கம் சிமலூன்னு ஒரு தீவு இருக்கு. 2004 சுனாமியைக் கிளப்பின பூகம்பம் வந்த இடத்துக்கு ரொம்பப் பக்கம். 1907-ல அங்க ஒரு பெரிய சுனாமி வந்து ஏகப்பட்ட சனம் செத்துப்போச்சு. அந்தத் தீவுக்காரங்க அதை மறைச்சு வைக்கலை. கதையாச் சொன்னாங்க, தாலாட்டுல பாடினாங்க. நிலம் பலமா ஆடினா, கடல் உள்ள வாங்கினா, எதையும் எடுக்காம மேட்டுக்கு ஓடுன்னு பிள்ளைங்க காதுல தலைமுறை தலைமுறையா ஓதினாங்க. 2004-ல கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த தீவுல செத்தது 7 பேர். கேட்டுப் பயந்த பிள்ளைங்கதான் பொழைச்சது.

நம்ம பக்கம் என்ன ஆச்சு? காலை ஆறரை வாக்குல அங்க பூமி ஆடுச்சு. இங்க அலை வந்தது ஒம்பது மணி வாக்குல. நடுவுல ரெண்டரை மணி நேரம். சொல்ல ஆள் இல்ல, எச்சரிக்கை மையம்னு ஒண்ணு ஹைதராபாத்ல வந்ததே 2007-லதான். கடல் உள்ள வாங்கின இடங்கள்ல அதிசயமா இருக்குன்னு இறங்கிப் பாக்கப் போனவங்க இருக்காங்க. என் பையன் வயசுப் பசங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கிற நினைவுப் பூங்கா எதுக்குன்னு தெரியுமா? தெரியாது. மூட் போயிடும்னு நாமதான் சொல்லலையே.

பண்டிகையும் சாவும் பக்கத்துல பக்கத்துல வராதுன்னு எவன் சொன்னது? டிசம்பரைப் புரட்டிப் பாருங்க. 1964-ல இதே மாசம் 22 ராத்திரி விடிஞ்சா 23, புயல்ல தனுஷ்கோடி போச்சு, பாசஞ்சர் ரயிலோட போச்சு. 1968-ல கிறிஸ்துமஸ் ராத்திரி நம்ம கீழவெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. வருஷா வருஷம் 25-ஆம் தேதி அங்க சனம் கூடுது. அதனால கிறிஸ்துமஸ் நின்னு போச்சா? கேக் வெட்டுறவங்க வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. தீபாவளிக்கு முன்னாடி செத்தவங்களுக்குப் புதுத்துணி வச்சுப் படைச்சுட்டுத்தானே நாம உடுத்துறோம்? ஹால்ல ஏசி இருந்தா மட்டும் அது எழவாயிடுமா?

இப்ப நம்மகூடப் படிச்சுச் சுனாமியில போன ஒருத்தன் விஷயம். பேர் போட வேண்டாம்னு அவங்க வீட்டுல சொல்லியிருக்காங்க, போடலை. கடைசி பெஞ்ச், ப்ளஸ் டூ முடிச்ச கையோட விமானப்படையில சேர்ந்தவன். அந்தமான் நிக்கோபார் தீவுகள்ல இருக்கிற கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்துல போஸ்டிங். அந்தத் தளத்துல மட்டும் படைக்காரங்களும் குடும்பத்தினருமா நூறு பேருக்கு மேல அன்னிக்குப் போனாங்க. அவன் பேரையாவது சொல்லுங்கடான்னு கேட்டதுக்கு, கமிட்டியில ஒரு புத்திசாலி, "அவன் சண்டையில சாகலையே"ன்னானாம்.

அப்படியா? குண்டு பட்டுச் செத்தாத்தான் கணக்குல வருமா? எங்க நில்லுன்னு சொன்னாங்களோ அங்க நின்னான், அங்கேயே போனான். நீங்க டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்குச் சட்டையில ஸ்டிக்கர் குத்தி செல்ஃபி போட்டீங்களே, அந்த நிதி யாருக்குப் போகுதுன்னு தெரியுமா? 16-ஆம் தேதி 1971 போர் வெற்றிக்கு மூவர்ணத்துல டிபி மாத்துனீங்களே, அந்த டிபியோடதான் குரூப்புல "மூட் போயிடும்"னு பதிவு போட்டீங்க. ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போடலை. முகம் தெரியாத வீரருக்கு வீரவணக்கம் போட விரல் போதும். கூட உக்காந்து சாப்பிட்டவனுக்கு எழுந்து நிக்கணுமே, அதான் கஷ்டம்.

அவங்க அம்மா இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சட்டை எடுக்கிறாங்க. 38 சைஸ். கடைப்பையன் வேற சைஸ் காட்டினாலும் அதையேதான். படையல்ல வச்சுட்டுத் தெருப் பசங்கள்ல எவனுக்காவது கொடுத்துடுவாங்க. விழா முடிஞ்ச மறுநாள் போயிருந்தேன். "நிறைய பேர் வந்திருந்தாங்களாப்பா? சாப்பாடு என்ன போட்டாங்க?"ன்னு எல்லாம் விசாரிச்சுட்டு, "இவன் பேரைச் சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க. "சொன்னாங்கம்மா, எல்லாரும் எழுந்து நின்னோம்"னேன். அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வச்சீங்க.

லைக்குக்காக எழுதுறேன்னு கமெண்ட் வரும், வரட்டும். "எங்க வீட்டுலயும் செத்திருக்காங்க, நாங்க இப்படி ஊரைக் கூட்டலையே"ன்னும் வரும். உங்க துக்கத்தை நீங்க எப்படி வேணா வச்சுக்கோங்க, நான் கேள்வி கேக்கலை. என்னுடையதுக்கு நீங்க மியூட் பட்டன் போடாதீங்க. "மேடையில ஏறிப் பேசியிருக்கலாமே"ன்னும் ஒருத்தர் கேட்டார். மைக் யார் கையில இருந்துச்சுன்னு அவருக்கே தெரியும்.

இதெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கும்போதே கமிட்டியிலிருந்து இன்பாக்ஸ்ல சமாதானத் தூது. பொங்கலுக்குக் கிரிக்கெட் டோர்னமெண்ட் வைக்கிறாங்களாம், சுழற்கோப்பையில அவன் பேரைப் போட்டுடலாமாம். மேல ஸ்பான்சர் பேர் பெருசா, கீழ இவன் பேர் சின்னதா. பதிவை எடுத்துட்டா பேசி முடிச்சுடலாமாம். பதிவை எடுக்கப் போறதில்ல. கோப்பைக்கு என்கிட்ட அனுமதி கேக்காதீங்க, அந்தம்மாகிட்ட நேர்ல போய்க் கேளுங்க. எழுத்து எவ்வளவு பெருசா இருக்கும்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. வீடு தெரியலைன்னா இன்பாக்ஸ்ல வாங்க, வழி சொல்றேன்.