பிபி நார்மல்தான்

பாரசிட்டமால் சிரப்பை மூடியில் அளந்து கொடுத்தவன் நான்தான். புற்றுநோய் வந்த பிள்ளைக்கு உறுப்புகள் செயலிழக்கத் தொடங்குவதை நேரத்தில் கண்டுபிடிக்காத மற்றவர்களைப் பற்றி எழுதும் முன் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் 14 வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கச்சி பையனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதில் ஏ.எல்.எல். என்கிற வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். அப்போது அவனுக்கு ஆறு வயது. கீமோ பெங்களூருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அதில் ஒரு சுற்று முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாரண்டஅள்ளியிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, பையனுக்கு 101 காட்டுது."

சிரப் எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன். கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் ஜுரம் இறங்கியது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். அந்த நிம்மதிதான் எங்களைக் கவிழ்த்தது.

கீமோ போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய்விட்டால், உடம்பில் தொற்று இருந்தாலும் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, சளி கட்டாது. சண்டை போட ஆளே இல்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? வெளியே தெரிவது ஜுரம் ஒன்றுதான். அந்த ஒன்றையும் நான் சிரப் ஊற்றி அணைத்துவிட்டேன். (ஸ்டீராய்டு ஓடுகிற நாட்களில் ஜுரமே காட்டாமலும் கிருமி பரவும். அது இன்னும் மோசம்.)

விடியற்காலை ஐந்து மணிக்குத் தங்கச்சி எழுப்பினாள். "ஜுரம் இல்லண்ணா. ஆனா பையன் சரியில்ல. ராத்திரி பூரா ஒன்னுக்கே போகல." தொட்டுப் பார்த்தேன். நெற்றி சாதாரணமாக இருந்தது, பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. மாமா என்று கூப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிபி பார்த்தார்கள். 94க்கு 60. "பிபி நார்மல்தான், பயப்படாதீங்க. வைத்தியம் பார்க்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போயிடுங்க." அந்தச் சீட்டில் நாடித்துடிப்பு 160 என்று எழுதியிருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். ஜுரம் இல்லாமல், அழாமல், அசையாமல் படுத்திருக்கிற ஆறு வயதுப் பையனுக்கு 160!

எழுதியவரும் பார்த்தார், படித்தவரும் பார்த்தார், மருந்துக் கடைக்காரன் நானும் பார்த்தேன். பிபி நார்மல் என்ற சொல் எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

பெரியவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவி உடம்பு தளரும்போது பிபி ஓரளவு சீக்கிரமே சரியும். குழந்தை அப்படியில்லை. இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கி, பிபியைக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் பாதம் ஜில்லென்று ஆகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவதால்தான் சிறுநீர் நிற்கிறது. பிபி சரிந்த பிறகு கண்டுபிடிப்பது, வீடு எரிந்த பிறகு புகை வருகிறது என்று சொல்கிற மாதிரி.

ராயக்கோட்டையில் தக்காளி லாரிகள், ஓசூரில் நெரிசல், அத்திப்பள்ளியில் இன்னும் நெரிசல். போய்ச் சேரப் பத்து மணி. அங்கே இருந்த சிஸ்டர் பிபி மிஷினைத் தேடவில்லை. முதலில் அவன் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அவனுக்கு ஐந்து விநாடி ஆனது. அடுத்த சில நிமிடங்களில் ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது. கீமோ குழந்தைக்கு ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகில் பல இடங்களில் கடைப்பிடிக்கிற கணக்கு. எங்கள் பையனுக்கு ஜுரம் கண்டதிலிருந்து பதிமூன்று மணி நேரம்.

அன்று இன்னொரு நார்மலும் வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 0.9. லேப் பேப்பரில் 0.6 முதல் 1.2 வரை சரி என்று அச்சடித்திருந்தது. எனக்குக்கூட அப்பாடா என்றிருந்தது. டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டி, "இவனோட வழக்கமான அளவு 0.3" என்றார். அதாவது மூன்று மடங்கு. அச்சடித்த அளவு பெரியவர்களுக்கானது. சின்ன உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்கும். அதுவும் சிறுநீரகம் அடிவாங்கி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழுசாக ஏறும். மறுநாள் ஏறியது. நாலு நாள் டயாலிசிஸ். பையன் பிழைத்துக்கொண்டான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். உறுப்பு செயலிழப்பை முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்றால் பெரிய பெரிய மிஷின்தான் நினைவுக்கு வருகிறது. செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் குவாத்தமாலாவில், பெரிய பணக்கார நாடு ஒன்றுமில்லை அது, குழந்தைப் புற்றுநோய் மருத்துவமனையில் 2014-ல் கொண்டுவந்தது ஒரு காகித அட்டைதான். நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் நிறம், பிள்ளையின் சுறுசுறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஏறினால் சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அப்புறம் லத்தீன் அமெரிக்காவில் பல ஊர்களுக்கு அது பரவியது. திடீரென்று நிலைமை மோசமாகிற பிள்ளைகளில் சாவு குறைந்தது. அந்த மாதிரி அட்டைகள் பலவற்றில் இன்னொரு கட்டமும் உண்டு: குடும்பத்தாரின் கவலை. "பையன் சரியில்ல" என்று அம்மா சொன்னால் அதற்கும் மதிப்பெண். என் தங்கச்சி ஐந்து மணிக்குச் சொன்னதை அன்று எந்தக் கட்டத்திலும் யாரும் எழுதவில்லை.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தார்கள். கீமோ பெங்களூருவிலோ வேலூரிலோ சென்னையிலோ நடக்கட்டும். அந்த முதல் மணி நேரமாவது நம் ஊரில் நடக்கக் கூடாதா? ஒரு டோஸ் ஆன்டிபயாடிக், ட்ரிப்ஸ், பெங்களூருக்கு ஒரு போன், அப்புறம் ஆம்புலன்ஸ். இதற்குப் புற்றுநோய் நிபுணர் தேவையில்லை. கேன்சர் பிள்ளை என்றதும் தொடவே பயப்படுகிறார்கள். அந்த டாக்டரை நான் திட்டவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் "அங்கேயே போங்க" என்பது பாதுகாப்பான பதில் என்று நினைக்கிறோமே, அது நமக்குத்தான் பாதுகாப்பு, பிள்ளைக்கு இல்லை. பேருந்தில் போகிற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மலைப்பக்க ஊர்களான அஞ்செட்டியிலிருந்து, சிட்லிங்கியிலிருந்து.

2030-க்குள் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது பிழைக்க வைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. பணக்கார நாடுகளில் இப்போதே 80-ஐத் தாண்டிவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதே கீமோ மருந்துதான். இடையில் ஒரு ராத்திரியைத் தாண்ட முடியாமல் போகிறவர்கள்தான் அந்தக் கணக்கைக் குறைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கடைக்கு கீமோ ஃபைலோடு வருகிற யாருக்கும் ஜுர மருந்தை இப்போது நான் சும்மா கொடுப்பதில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்கிறேன். 100.4-ஐத் தொட்டு ஒரு மணி நேரம் நின்றாலே கிளம்பச் சொல்கிறேன். ஆசனவாய் வழியாக வைக்கிற மாத்திரையும் வேண்டாம், இடுப்பில் ஊசியும் வேண்டாம் என்கிறேன். அணுக்கள் குறைந்த உடம்பில் முதலாவது கிருமிக்கு வழிவிடும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறைந்த உடம்பில் இரண்டாவது ரத்தம் கட்டும். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

தங்கச்சி அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். பையன் நன்றாக இருக்கிற நாளில் தூங்கும்போது நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர், போன கிரியேட்டினின் எவ்வளவு, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கும். அவனுக்கு எது நார்மல் என்று அந்த நோட்டுக்குத்தான் தெரியும். ஒருமுறை டியூட்டி டாக்டர் ஒருவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு அதைத்தான் வாங்கிப் படித்தார்.

சிகிச்சை போன வருஷம் முடிந்தது. இப்போது நாலாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து பையை இறக்குவதற்குள், "ஒன்னுக்குப் போனியாடா?" என்று வாசலிலேயே கேட்கிறாள். கூட வந்த பசங்க சிரிக்கிறார்கள். அவன் என்னிடம் வந்து புகார் சொல்கிறான்: "மாமா, இந்த அம்மாகிட்ட சொல்லுங்க."