உப்புத் தண்ணீரில் கழுவினால் சந்தை ரோஜா உணவாகிவிடாது

“சந்தையில் வாங்கிய ரோஜாவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சிமருந்தெல்லாம் போய்விடும், குல்கந்து போடலாம்” என்று களியக்காவிளைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தோவாளைப் பூச்சந்தையில் வாங்கும் ரோஜா மாலைக்கு அருமையானது. ஆனால் மாலைக்கு வளர்க்கும் செடிக்கு, உணவுப் பயிர் என்ற கணக்கில் மருந்து அடிப்பதில்லை. இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவுபவை. மேலே கழுவினால் உள்ளே இருப்பது எப்படிப் போகும்? எந்த மருந்துக்கு எந்தப் பயிரில் அனுமதி என்பது அதன் லேபிளிலேயே இருக்கும். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் கேட்கலாம்.

குல்கந்துக்கு, மருந்தடிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜாவே போதும். காலையில் பறித்து, இதழின் அடியில் கசக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளிவிட்டுப் போடுங்கள், மணம் தனியாகத் தெரியும்.

குழந்தைகளும் சாப்பிடுகிற பண்டம் இது. அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.