97 சதவீத வெயிலும் எங்கே போயிற்று?

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, டெல்லி கரோல் பாகில் மேற்குப் பார்த்த என் புடவைக் கடையின் கண்ணாடி வழியாக வெயில் கல்லாப்பெட்டி வரை வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் சன் கண்ட்ரோல் ஃபிலிம் விற்கும் மூன்றாவது மனிதர் ஒரு மரப்பெட்டியையும் ஒரு சிவப்பு விளக்கையும் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அது என்ன பெட்டி என்று கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியின் ஒரு பக்கத்தில் வெறும் கண்ணாடித் துண்டு, மறுபக்கத்தில் ஃபிலிம் ஒட்டிய துண்டு, நடுவே விளக்கு. "கையை வையுங்கள், அங்கிள்ஜி" என்றார். வைத்தேன், சுட்டது. "இப்போது இந்தப் பக்கம்" என்றார். வைத்தேன், சுடவில்லை. எனக்குப் புரிந்திருக்காது என்று முடிவு செய்து, என் மணிக்கட்டைப் பிடித்து அவரே மறுபடி முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனார். மறுபடியும் சுட்டது, ஏனென்றால் அது விளக்கு, சுடுவதுதான் அதன் வேலை. அடுத்துக் கடைப்பையனின் கை, அதற்கடுத்துக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆர்.கே.புரத்திலிருந்து வந்திருந்த அம்மாளின் கை, கடைசியில் தேநீர் கொண்டுவந்த பையனின் கை என்று, கற்பூரத் தட்டை ஒற்றிக்கொள்வதுபோலக் கரோல் பாகில் பாதிப் பேர் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். தட்டில் காசு போடாததுதான் பாக்கி. அந்த அம்மாள் புடவை எடுக்காமலே போய்விட்டார்.

"97 சதவீத வெப்பத்தைத் தடுக்கும்" என்றார் அவர். எதில் 97 என்று கேட்டேன். வெப்பத்தில் என்றார். எந்த வெப்பத்தில் என்றேன். சற்று யோசித்து, அகச்சிவப்பில் என்றார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் கண்ணுக்குத் தெரியாத இந்த அகச்சிவப்பு. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதுவும் உள்ளே வந்து புடவையிலும் தரையிலும் விழுந்து சூடாகத்தான் மாறுகிறது. போதாக்குறைக்கு, இந்தத் துறையில் பலர் அகச்சிவப்பை 900 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒரு துண்டில் மட்டும் அளந்து அதன் எண்ணை விளம்பரத்தில் போடுகிறார்கள். சூரியனோ 2500 வரை தாராளமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர் பெட்டியில் எரிவது முக்கால்வாசிக்கு மேல் அகச்சிவப்பையே கக்கும் விளக்கு. அப்படியொரு விளக்கு என் கடைக்கு எதிரே உதித்து மறைந்துகொண்டிருந்தால், அவர் ஃபிலிமை நான் அன்றே வாங்கியிருப்பேன்.

நமக்கு வேண்டிய எண்ணுக்கு டி.எஸ்.இ.ஆர். என்று பெயர், வெயிலின் மொத்த ஆற்றலில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அதுதான் சொல்லும். கேட்லாக்கை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பூசணிக்காய் அளவில் 97. பின்பக்கத்தில் கடுகு அளவில் 52. இதைக் காட்டியதும், "அது இஞ்சினியர்களுக்கு, அங்கிள்ஜி" என்றார். கரண்ட் பில் கட்டுவது எந்த இஞ்சினியர் என்று கேட்க நினைத்தேன். ஃபிலிம் உறிஞ்சும் சூட்டில் ஒரு பங்கு கண்ணாடி வழியாக உள்ளேதான் இறங்கும், பத்து விநாடியில் கையை எடுத்துவிட்டால் அது எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது, அவர் கடைப்பையனின் கையை மறுபடி தேடிக்கொண்டிருந்தார்.

இவரை மட்டும் திட்டுவது நியாயமில்லைதான், ஆனாலும் நியாயம் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. முதலாமவர் 2024 தொடக்கத்தில் பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் ஃபிலிமை ஒட்டிவிட்டுப் போனார். அந்த மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானபோது கடை ஓரளவு தாங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகலில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஷோகேஸில் இருந்த காஞ்சிபுரம் பட்டு தெரியவில்லை, அவரவர் முகம்தான் தெரிந்தது. தெருவில் போவோர் வருவோர் எல்லாம் நின்று தலைவாரினார்கள், பல் குத்தினார்கள், பொட்டைச் சரிசெய்தார்கள்; கடை மூடியிருக்கிறது என்று நினைத்து வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். இருட்டி விளக்குப் போட்டதும் எல்லாம் தலைகீழாகி, உள்ளே இருக்கும் எங்களுக்கு எங்கள் முகமும், வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் கல்லாவும் தெரிந்தன.

அதைச் சுரண்டி எடுத்தபின் வந்த இரண்டாமவர், புற ஊதாக் கதிரை 99 சதவீதம் தடுப்பதால் புடவை வெளுக்கவே வெளுக்காது என்று சத்தியம் செய்து, கண்ணுக்கே தெரியாத ஃபிலிம் ஒன்றை ஒட்டினார். சாயத்தைத் தின்பது புற ஊதா மட்டுமல்ல, வெளிச்சமும் வெம்மையும் கூட என்பதைக் கத்தரிப்பூ நிறப் பட்டு ஒன்று எனக்குக் கற்றுக்கொடுத்தது. மடிப்புக்கு உள்ளே கத்தரிப்பூ, வெளியே தெரிந்த பட்டையில் நீராகாரத்தின் நிறம். விரித்துக் காட்டியபோது, "இது புது டிசைனா?" என்று ஒரு பெண் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஆகவே மூன்றாமவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மொத்தச் சூட்டில் பாதிக்கு மேல் வெளியே நிற்க வேண்டும், பட்டு நிறம் மாறாமல் தெருவுக்குத் தெரிய வேண்டும், இரண்டும் சேர்ந்த ஒரு துண்டை என் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டு, ஒரு வாரம் வெயிலில் விட்டுப் பார்க்க முடியுமா? அவர் பெட்டியை மூடினார். விளக்கை அணைத்தார். பிறகு மிகுந்த பரிவோடு, "வேண்டுமானால் உங்கள் காருக்கு ஒட்டித் தரட்டுமா, சலுகை விலையில்?" என்றார். கார் கண்ணாடியில் ஃபிலிமே ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே சொன்னதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதோடு என்னிடம் கார் இல்லை, ஸ்கூட்டர்தான் இருக்கிறது.

அந்த ஸ்கூட்டரும் இன்று முழுவதும் நட்ட நடு வெயிலில் நின்றது. எதிரே உள்ள ஒரே வேப்பமரத்தடியில், அது தினமும் நிற்கும் இடத்தில், நான்கு பக்கமும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய அவருடைய கார் நின்றிருந்தது.