எஸ்எஸ்எச்-க்குள் எக்ஸ்இசட்-க்கு என்ன வேலை?

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் பேக்டோர் (எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன், அதாவது ஃபைல் சுருக்கும், லைப்ரரியில் ரகசியமாக வைத்த திருட்டு வாசல்) பற்றிப் பேச்சு எழுந்தாலே, ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் எஸ்எஸ்எச் (தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகினில் அரை விநாடித் தாமதத்தைக் கவனித்துத் தோண்டியதையும், 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஆள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து அதை உள்ளே வைத்ததையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, இரண்டும் சொல்ல வேண்டியவைதான். எனக்கு உறுத்துவது வேறு. சர்வருக்குள் நுழையும் வாசலில் நிற்கிற எஸ்எஸ்எச்டி-க்குள் (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க புரோகிராம்) ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி ஏன் இருந்தது?

எஸ்எஸ்எச்டி அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதும் ஓப்பன்பிஎஸ்டி (ஒரு யூனிக்ஸ் வகை) ஆட்கள் அதை அங்கே வைக்கவில்லை. எஸ்எஸ்எச்டி ரெடியானதும் சிஸ்டம்டி-க்கு (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) தகவல் போக வேண்டும் என்பதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் ஒரு பேட்ச் போட்டு அதன் லைப்ரரியான லிப்சிஸ்டம்டி-யை முழுசாகச் சேர்த்தன. அந்த லைப்ரரிக்கு ஜர்னல் (லாக்) ஃபைல்களைப் படிக்கிற வேலையும் உண்டு, அதற்கு எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏ தேவை. இப்படித்தான் கூட்டத்தோடு கூட்டமாக அது ரூட் அதிகாரத்தில் ஓடுகிற ஒரு ப்ராசஸுக்குள் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் அந்தத் தகவலை அனுப்ப என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கும் சாக்கெட் பெயரை எடுத்து அதற்கு 'READY=1' என்று ஏழு எழுத்து அனுப்பினால் போதும். சி-யில் சில பத்து வரிகள். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-இல் எந்த வெளி லைப்ரரியும் இல்லாமல் அதைத்தான் எழுதிச் சேர்த்தார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் எக்ஸ்இசட்டில் விஷம் வைத்தவனுக்கு எஸ்எஸ்எச்டி-க்குள் போக இந்த வழியே கிடைத்திருக்காது.

'இருக்கிற லைப்ரரியை எடுத்துக்கொள், நீயாக எழுதாதே' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிரிப்டோவுக்கும் கம்ப்ரஷனுக்கும் அது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏழு எழுத்து அனுப்புவதற்கும் அதே விதியா? ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்போது அதன் பின்னால் இருக்கிற லைப்ரரிகள், அவற்றைப் பராமரிக்கும் மனிதர்கள், அவர்களுடைய சோர்வு எல்லாமே நம் புரோகிராமுக்குள் வந்துவிடுகின்றன. எக்ஸ்இசட்டைப் பல வருஷமாகத் தனி ஆளாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். பராமரிப்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம், கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் எஸ்எஸ்எச்டி-க்குள் தொங்குகிற லைப்ரரிகளின் எண்ணிக்கை குறைந்துவிடாது.

இன்னொரு விஷயம் போர்ட்டபிலிட்டி, அதாவது பல வகை மெஷின்களில் ஓடுவது. அந்த பேக்டோரைக் கிளப்பிவிட்ட வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் ரெப்போவில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் (வெளியிடும் தொகுப்பு ஃபைல்) ஒரு எம்4 (பில்ட் ஸ்கிரிப்டை உருவாக்க உதவும்) ஃபைலுக்குள் இருந்தன. ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவி உருவாக்குகிற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரிகள் போகும், 1990-களின் யூனிக்ஸ் வகைகளில் எது இருக்கிறது எது இல்லை என்று இன்னமும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும், யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அதைவிட என்னை அதிரவைத்தது சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியின் ஃபைலில் இருந்த ஒரே ஒரு புள்ளி. லேண்ட்லாக் சாண்ட்பாக்ஸ் (ஒரு புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் வசதி) இருக்கிறதா என்று பார்க்கும் குட்டி டெஸ்ட் புரோகிராமில் ஒரு புள்ளியை நுழைத்திருந்தார்கள். அதனால் டெஸ்ட் கம்பைல் ஆகாது, 'இந்த மெஷினில் அந்த வசதி இல்லை போல' என்று பில்ட் அமைதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும், பாதுகாப்பு கழன்றுவிடும். எந்த மெஷினிலும் எப்படியாவது பில்ட் ஆகிவிட வேண்டும் என்பதற்காகத் தோல்வியைச் சத்தமில்லாமல் விழுங்கும்படி செய்த அமைப்பு இது.

என்னைப் பொறுத்தவரை போர்ட்டபிள் என்றால் யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தை ஒட்டி எழுதிய குறைவான நிரல், ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய மேக்ஃபைல், ஏதாவது இல்லையென்றால் உடனே நின்று எர்ரர் காட்டுகிற பில்ட். செத்துப்போன சிஸ்டம் ஒன்றில் அது ஓடாமல் போகலாம், போகட்டும்.

சிஸ்டம்டி ஆட்களும் கம்ப்ரஷன் லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் லோடு செய்யும்படி மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம், மனதாரப் பாராட்டுகிறேன். அப்புறம் ஒன்று, உங்கள் சர்வரில் எஸ்எஸ்எச்டி மீது எல்டிடி (ஒரு புரோகிராம் இழுத்துக்கொள்ளும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். வருகிற பட்டியலில் எது எதற்காக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள், காரணமே இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தால் உங்கள் டிஸ்ட்ரோவுக்கு பக் ரிப்போர்ட் போடுங்கள்.