அந்தக் காட்டுல மனுஷனையும் வரைங்க

லெமூர்னா ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கற மடகாஸ்கர் தீவுல வாழற, குரங்குக்கு தூரத்து சொந்தமான விலங்கு. அதுல அழிஞ்சுபோன ராட்சத லெமூர்னு நெட்ல தேடி வர்ற படங்கள ஒருதடவ வரிசையா பாருங்க. அடர்ந்த காடு, பனிமூட்டம், மரத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு பெரிய மிருகம். பல படங்கள் ரொம்ப அழகு, வரைஞ்சவங்க உழைப்பு நல்லாவே தெரியுது. ஆனா நான் பாத்ததுல பெரும்பாலானதுல ஒரு மனுஷன் கூட கெடையாது, ஒரு குடிசை இல்ல, ஒரு புகை இல்ல. ஏதோ லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதை மாதிரி இருக்கு. எனக்கு அங்கதான் பிரச்சனையே. இந்த மிருகங்க அவ்ளோ பழசு இல்லங்க.

மடகாஸ்கர்ல அழிஞ்சுபோன பெரிய லெமூர்கள் மட்டும் 17 இனம்னு இப்போ சொல்றாங்க. இன்னைக்கு இருக்கறதுலயே பெரிய லெமூர் இண்ட்ரி, அதுவே பத்து கிலோவ தாண்டாது. அழிஞ்சுபோன மெகலடாபிஸ்ல பெரிய இனம் 85 கிலோ வரைக்கும் இருந்திருக்கும்னு கணக்கு, ஆர்கியோஇண்ட்ரிஸ் கிட்டத்தட்ட 160 கிலோ, அதாவது ஒரு கொரில்லா சைஸ். அந்த ஆர்கியோஇண்ட்ரிஸ் எலும்பு அம்பசம்பசிம்பாங்கற ஒரே ஒரு எடத்துலதான் கெடச்சிருக்கு, ஒரு மண்டையோடும் தாடையும் கை கால் எலும்பு கொஞ்சமும், அவ்வளவுதான். ஆனா மெகலடாபிஸும் பேலியோப்ரொபிதெகஸ்ங்கற இன்னொரு ராட்சத லெமூரும் ரொம்ப பிற்காலம் வரைக்கும் இருந்திருக்கு, எலும்போட வயச கணக்கு பண்ற கார்பன் டேட்டிங் பண்ணிப் பாத்தா சுமார் 500, 600 வருஷத்துக்கு முன்னாடிதான்னு வருது. இது சரியா கல்லாக்கூட மாறாத எலும்பு. இதப்போய் வரலாற்றுக்கு முந்தைய விலங்குன்னு டைனோசர் பக்கத்துல ஒட்டி வைக்கறது எப்படி நியாயம்?

எழுத்துலயே சாட்சி இருக்கு. ஃப்ளக்கூர்னு ஒரு பிரெஞ்சுக்காரர், மடகாஸ்கர் தென்கோடியில இருந்த பிரெஞ்சு கோட்டைக்கு கவர்னரா இருந்தவர், 1658ல தீவப் பத்தி பெரிய புத்தகம் போட்டார். அதுல ட்ரெட்ரெட்ரெட்ரென்னு ஒரு மிருகத்தப் பத்தி எழுதறார், ரெண்டு வயசு கன்னுக்குட்டி பெருசு, உருண்டை தலை, மனுஷ மூஞ்சி, கை கால் ரெண்டும் குரங்கு மாதிரி, சுருட்ட முடி, குட்டி வால். தனியாத்தான் திரியுமாம். ஜனங்க அதப் பாத்து பயந்து ஓடுவாங்களாம், அதுவும் ஜனங்களப் பாத்தா ஓடுமாம். இது மெகலடாபிஸ்னு ரொம்ப நாள் சொன்னாங்க, இப்போ பேலியோப்ரொபிதெகஸா இருக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. எதுவா இருந்தாலும் அந்த கடைசி விவரம் எனக்கு முக்கியம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து ஓடறதுன்னா ரெண்டு பேரும் ஒரே காட்டுல இருந்தாத்தானே முடியும்!

அப்புறம் எலும்புலயே இருக்கற சாட்சி. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல தென்மேற்கு மடகாஸ்கர்ல தோண்டி எடுத்த எலும்புங்க ஆக்ஸ்ஃபோர்ட் மியூசியத்துல பல வருஷம் கெடந்துச்சு, அத திரும்ப எடுத்து லென்ஸ் வெச்சுப் பாத்தவங்க 2005ல ஒரு கட்டுரை போட்டாங்க. பேலியோப்ரொபிதெகஸோட கை கால் எலும்புல மூட்டு பக்கத்துல சின்னச் சின்ன வெட்டுக் கோடுங்க. தோல உரிச்சு, மூட்டக் கழட்டி, சதைய எடுக்கும்போது கத்தி பட்ட தடம்னு அவங்க சொல்றாங்க. கறி வெட்றத பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு இது புரியும், மூட்டக் கழட்ட கத்தி மூட்டுலதான் போகும்.

இதோட, மேற்கு மடகாஸ்கர்ல ஆண்ட்ரியமமெலோ குகையில கறுப்பு மையில தீட்டின பழைய ஓவியங்கள் இருக்கு. அதுல ஒரு காட்சி பேலியோப்ரொபிதெகஸ வேட்டையாடறதா இருக்கலாம்னு 2020ல ஆய்வாளர்கள் எழுதினாங்க. உறுதின்னு யாரும் சொல்லல, ஆனா அது சரியா இருந்தா யோசிச்சுப் பாருங்க, அந்த விலங்க நேர்ல பாத்தவன் வரைஞ்ச படத்துல மனுஷன் இருக்கான், நாம இப்போ கம்ப்யூட்டர்ல வரையற படத்துல இல்ல.

படம் தப்பா போறது இந்த விலங்குக்கு புதுசு இல்ல. ஆரம்பத்துல சதுப்பு நிலத்துல எல்லா விலங்கோட எலும்பும் கலந்து கெடச்சதால எது எதோடதுன்னே குழப்பம். பேலியோப்ரொபிதெகஸோட எலும்ப ஒருத்தர் தேவாங்கு மாதிரி மெதுவா போற தென் அமெரிக்க ஸ்லாத்தோடதுன்னு நெனச்சு தனி பேரே வெச்சார். இன்னொரு பக்கம் ஸ்டாண்டிங்னு ஒரு ஆய்வாளர், அப்புறம் 1930கள்ல இத்தாலிக்காரர் செரா, இவங்கள்லாம் இது தண்ணியில நீந்தற விலங்குன்னு வாதாடினாங்க. லாம்பர்டன்ங்கற ஆய்வாளர்தான் பொறுமையா எலும்பு எலும்பா பிரிச்சு சேத்து அந்த வாதத்த முடிச்சு வெச்சார். சரியா சேத்துப் பாத்தா என்ன தெரியுதுன்னா, விரல் எலும்பு ஒவ்வொண்ணும் நீளமா, வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கு, கட்டைவிரல் சுருங்கிப்போச்சு, கையும் காலும் மொத்தமா கொக்கி. கிளையில தலைகீழா தொங்கிக்கிட்டே வாழ்ந்த உடம்பு அது, தரையில எறங்கினா ரொம்ப திண்டாடியிருக்கும். ஸ்லாத்துன்னு நெனச்சவர் இனத்துல தப்பு, ஆனா வாழ்க்கை முறையில கிட்டத்தட்ட தொட்டுட்டார், இன்னைக்கு இத ஸ்லாத் லெமூர்னுதான் கூப்பிடறாங்க.

சீனாவுல வாழ்ந்து அழிஞ்சுபோன ராட்சத வாலில்லாக் குரங்கு ஜைகாண்டோபிதெகஸ், அதோட கதை இதுக்கு நேர்மாறு. 1935ல ஹாங்காங் மருந்துக் கடையில டிராகன் பல்லுன்னு வித்த ஒரு கடவாப்பல்ல பாத்து கோனிக்ஸ்வால்ட்ங்கற ஆய்வாளர் அடையாளம் கண்டது. இன்னைக்கு வரைக்கும் பல்லும் கீழ்த்தாடையும்தான், உடம்பு எலும்பு ஒண்ணுகூட கெடைக்கல. 2019ல பல்லுல இருந்து புரதம் எடுத்துப் பாத்து ஒராங்குட்டான் சொந்தம்னு சொன்னாங்க. ஆனா எத்தன படத்துலயும் சிலையிலயும் அது ரெண்டு கால்ல நிமிந்து மனுஷன் மாதிரி நிக்குது! எலும்பே இல்லாததுக்கு மனுஷ நடை குடுக்கறோம், மனுஷனோட நெஜமாவே வாழ்ந்தத மனுஷன் இல்லாத காட்டுல விடறோம். ரெண்டும் தப்புதான்.

ஒரு விஷயம், மனுஷன வரைங்கன்னு நான் சொல்றது மடகாஸ்கர் ஜனங்கள கொலகாரங்களா காட்டறதுக்கு இல்ல. வேட்டை ஒரு காரணம், காட்ட எரிச்சு மேய்ச்சல் நெலமாக்கினது ஒரு காரணம், சில பகுதியில வறட்சியும் சேந்துக்கிச்சு, எதுக்கு எவ்ளோ பங்குன்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா அந்த ஜனங்க பல நூறு வருஷம் இதுங்க கூடவே வாழ்ந்தாங்க. 1990கள்ல கூட பெலோ-சுர்-மேர் ஊர்ல பெரியவங்க கிடோக்கின்னு ஒண்ணப் பத்தி ஆய்வாளர்கள்கிட்ட சொல்லியிருக்காங்க, லெமூர் மாதிரி ஆனா பெருசு, மனுஷன் மாதிரி மூஞ்சி, தொரத்தினா மரம் ஏறாம தரையிலயே தாவி ஓடும்னு. அழிஞ்சுபோன வேற பெரிய லெமூர்களான ஆர்கியோலெமூரோ ஹாட்ரோபிதெகஸோ, அதோட ஞாபகம் தலைமுறை தலைமுறையா வந்திருக்கலாம். வெறும் காட்ட வரையும்போது அந்த ஞாபகத்தையும் சேத்து அழிக்கிறோம்.

நம்ம ஊர்ல லெமூரியா லெமூரியான்னு மேடை மேடையா பேசறோம். 1864ல ஸ்க்லேட்டர்ங்கற விலங்கியல் ஆய்வாளர் அந்தப் பேர வெச்சதே மடகாஸ்கர் லெமூர்களயும் இந்தியப் பக்கத்து சொந்தங்களயும் எப்படி இணைக்கறதுன்னு தெரியாமத்தான். கண்டம் நகர்றது புரிஞ்சதும் முங்கிப்போன கண்டத்துக்கு அறிவியல்ல தேவை இல்லாமப் போச்சு. ஆனா விலங்கு நெஜம். நம்ம கடவூர் பக்கம் இருக்கற தேவாங்கும் அதே பெரிய குடும்பத்துல ஒரு கிளைதான். இல்லாத கண்டத்துக்கு குடுத்த நேரத்துல கொஞ்சம் இருந்த விலங்குக்கும் குடுக்கலாம். இருக்கற லெமூர்களுக்கும்தான், 2020ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் கணக்குப்படி 107 இனத்துல 103 ஆபத்துல இருக்கு.

வரையத் தெரிஞ்ச நண்பர்கள் யாராவது முயற்சி பண்ணி கமெண்ட்ல போடுங்க. பேலியோப்ரொபிதெகஸ் வரைஞ்சா தயவுசெஞ்சு தரையில நடக்க விடாதீங்க, கிளையில தொங்கட்டும், விரல் நல்லா வளைஞ்சு இருக்கட்டும். கீழ ஒரு பாதை, அதுல ரெண்டு பேர் தலைய தூக்கி மேல பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி வரைங்க.