லைசாண்டரில் மாட்டிய குண்டு

இந்திய விமானப்படையின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 1945-இல் படைக்கு 'ராயல்' (அரச) பட்டம் கிடைத்ததைப் பற்றி அது பத்தி பத்தியாகச் சொல்கிறது. சரி, அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்த பர்மா போருக்கு மட்டும் ஏன் இரண்டே வரி?

1933-இல் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கிய படை அது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் சென்னைக் கடற்கரையைக் காக்கப் பரங்கிமலையிலிருந்து பறந்ததும் அதே பழைய வாபிட்டிதான்! 1942 பிப்ரவரியில் முதல் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பர்மாவுக்குப் போனபோது கையில் இருந்தது லைசாண்டர். தரைப்படைக்கு வேவு பார்க்கச் செய்த, மெதுவாகப் போகும் விமானம். ஸ்குவாட்ரன் தலைவர் மஜும்தார் அதிலேயே குண்டுகளை மாட்டிக்கொண்டு, தாய்லாந்து எல்லைக்குள் இருந்த ஜப்பானியர் விமானதளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பினார். மறுநாள் ஸ்குவாட்ரனே கிளம்பியது.

அந்த ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியர் குண்டு விழுந்த செய்தி வந்ததும், கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் ஆயா வீட்டார் அண்டா குண்டானை மாட்டுவண்டியில் ஏற்றிப் பண்ருட்டிக்கே போய்விட்டார்களாம். உரலை மட்டும் தூக்க முடியவில்லை என்று ஆயா கடைசிவரை புலம்புவார்.

அப்புறம், உளுந்தூர்பேட்டையில் ஒரு போர்க்கால ஓடுதளம் இருக்கிறது. ஒருமுறை போய் நின்று பார்த்தேன்: விரிசலெல்லாம் நெருஞ்சி, ஓரமாக நாலைந்து ஆடுகள். கட்டுரையாளர் அதைப் பற்றியும் எழுதலாமே.