மரம் எந்த அணி?

(1924 ஆகஸ்ட் 18. சமோவாத் தீவுகளின் அப்பியா நகரம். ஃபிஜியும் சமோவாவும் முதன்முதலாக மோதும் ரக்பி ஆட்டம் காலை 7 மணிக்கு. கொப்பரைக் கிடங்கில் மூட்டை தூக்கும் மருமகன், தூங்கிக்கொண்டிருந்த மாமாவை எழுப்பி இழுத்து வந்திருக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் என் கற்பனை. மரம் நிஜம்.)

மாமா: சேவலே இன்னும் கொட்டாவி விடுகிறது. இந்நேரத்தில் என்னடா ஆட்டம்?

மருமகன்: ஆட்டம் முடிந்ததும் நம் ஆட்கள் வேலைக்குப் போக வேண்டாமா மாமா? அதனால்தான் 7 மணிக்கு.

மாமா: நாட்டுக்காக ஆடுகிறவனுக்கு ஒரு நாள் லீவு கிடையாதா?

மருமகன்: லீவு போட்டால் கூலி போச்சு. ஆடுவதற்குக் காசும் கிடையாது.

மாமா: சும்மா கையை உடைத்துக்கொள்ள இத்தனை பேரா! கூலி தருகிறேன் என்றாலும் என் தென்னையில் ஏற ஒருத்தன் வருவதில்லை. சரி, மைதானம் எங்கே?

மருமகன்: இதுதான்.

மாமா: நடுவில் மரம் நிற்கிறதே!

மருமகன்: ஆமாம். சரியாக நடுக்கோட்டில்.

மாமா: அது எந்த அணி?

மருமகன்: இரண்டு அணியும் இல்லை. சுற்றிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மாமா: ஆட்டத்துக்கு மைதானம் பார்த்தார்களா, தூங்க நிழல் பார்த்தார்களா? அது யார், கறுப்புச் சட்டையில், வெறுங்காலோடு?

மருமகன்: அவர்கள்தான் ஃபிஜிக்காரர்கள். டோங்காத் தீவுகளுக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறார்கள். சாதாரண ஆட்கள் இல்லை மாமா. அங்கே 40 வருஷமாக ஆடுகிறார்கள், 1913-லேயே ரக்பிச் சங்கம் வைத்துவிட்டார்கள். நமக்கு மாரிஸ்ட் பிரதர்கள், அதுதான் அந்தக் கத்தோலிக்கத் துறவிகள், 1920-ல்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சங்கம் இந்த வருஷம்தான்.

மாமா: அதோடு அவர்கள் ஊர் தேதிக்கோட்டுக்கு அந்தப்பக்கம். நமக்கு இன்று என்றால் அவர்களுக்கு நாளை. யார் ஜெயித்தது என்று தெரிந்துகொண்டே வந்திருப்பார்களோ?

(இந்தக் கேள்விக்கு மருமகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆட்டம் தொடங்குகிறது.)

மாமா: ஐயோ, ஏன்டா பந்தைப் பின்னால் எறிகிறான்? எதிரி முன்னால் அல்லவா இருக்கிறான்?

மருமகன்: கையால் முன்னால் எறியக்கூடாது. ஓடலாம், உதைக்கலாம். எறிந்தால் பின்னால்தான்.

மாமா: முன்னால் போகப் பின்னால் எறிவதா? எந்தக் கிறுக்கன் போட்ட விதி?

மருமகன்: பந்தயப் படகில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துத் துடுப்புப் போடுகிறீர்கள்?

மாமா: பின்பக்கம்... அது வேறடா. அதென்ன, எல்லாரும் தலையைக் கோத்துக்கொண்டு முட்டுகிறார்கள்? ஏதாவது தொலைந்துவிட்டதா?

மருமகன்: அது ஸ்க்ரம். பந்து உள்ளே இருக்கிறது.

மாமா: கேட்டால் கொடுக்க மாட்டானா? ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர்?

மருமகன்: 15.

மாமா: அவ்வளவுதானா? நம் கிலிகிட்டியில் ஊரே இறங்கி ஆடும். மூன்று பட்டை மட்டையைத் தூக்கிக்கொண்டு கிழவன் வருவான், பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, கடைசியில் விருந்து உண்டு. கிரிக்கெட்டை வெள்ளைக்காரனிடம் வாங்கி அவனுக்கே அடையாளம் தெரியாமல் பண்ணினவர்கள் நாம். இந்த ரக்பி வந்தபிறகு பையன்கள் மட்டையையே தொடுவதில்லை. நேற்று என் சின்னவனிடம் உரிக்கச் சொல்லித் தேங்காய் கொடுத்தேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான்! பின்னாலேயே நாலு பேர். வாழைக்கன்று நாலு சாய்ந்ததுதான் மிச்சம்.

மருமகன்: பிடித்தார்களா?

மாமா: எங்கே பிடித்தார்கள்! என் பிள்ளையாயிற்றே.

(ஃபிஜி முதலில் புள்ளி எடுக்கிறது. அப்புறம் இன்னொரு முறையும். 6-0. ஆட்டம் முடிகிறது. தன்னை அறியாமல் மாமா எழுந்து நின்றுவிட்டார்.)

மாமா: அநியாயம்! அந்த மரம் அவன் பக்கம் ஆடியது. நம் ஆள் ஓடினால் குறுக்கே நிற்கிறது, அவன் ஓடினால் ஒதுங்குகிறது.

மருமகன்: மாமா, மரம்.

மாமா: எனக்கும் தெரியும். வழியில் இறங்கினவன் அடித்துவிட்டுப் போகிறான், நீ சிரிக்கிறாய். திரும்பி வருவானா?

மருமகன்: ஒரு மாதத்தில் இந்த வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும்.

மாமா: வரட்டும். நீ கிடங்குக்குப் போ, கதவைத் திறந்துவிட்டார்கள். தோளில் என்ன வீக்கம்?

மருமகன்: மூட்டை தூக்கினது.

மாமா: பொய். மூட்டை ஒரு தோளில்தான் ஏறும். உனக்கு இரண்டும் வீங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் சாயங்காலம் பழகுகிறீர்களாமே, எத்தனை மணிக்கு?

(ஒரு மாதம் கழித்து. ஃபிஜிக்காரர்கள் திரும்பி வந்தார்கள், ஆடினார்கள். சமோவா 9, ஃபிஜி 3. மருமகன் சேதி சொல்ல ஓடிவருகிறான். அவனுக்கு முன்பே ஆட்டத்துக்குப் போய், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மாமா, வீட்டு வாசலில் தேங்காயோடு நிற்கிறார்.)

மருமகன்: மாமா, அத்தை தேங்காய் கேட்கிறார்கள். அடுப்பில் சட்டி காய்கிறதாம்.

மாமா: (தேங்காயை அக்குளில் இடுக்கி) வந்து பிடிக்கச் சொல்.